ஏழைப் பங்கு

முஹர்ரம் பிறந்து பத்து நாள் கழிந்திருந்தது. ஆஷூரா நோன்பு முடிந்த மறுநாள், ஃப்ரிட்ஜைத் துடைத்து வைக்கலாம் என்று மேல் அறையைத் திறந்தேன். பனிக்கட்டிக்குள் புதைந்து மூன்று பாலித்தீன் பைகள். கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். பக்ரீத் பெருநாள் கறி, கல்லாக இறுகிக் கிடந்தது. எங்கள் பங்கைத்தான் அந்த வாரமே தின்று தீர்த்துவிட்டோமே, இது யாருடையது என்று நான் யோசித்து நிற்க, வீட்டில் சொன்னார்கள்: "அது ஏழைகளுக்குன்னு எடுத்து வச்சதுங்க. யாரும் வரல."

துல்ஹஜ் பத்தில் அறுத்தது. முஹர்ரம் பதினொன்றிலும் அது யாருக்காகவோ காத்துக் கிடக்கிறது.

இதை ஜமாஅத்தில் நாலைந்து பேரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. "எங்க வீட்லயும் கெடக்கு பாய்" என்று சிரித்தார் ஒருவர். இன்னொருவர் வீட்டில் அது உப்புக்கண்டமாகி மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாமவர் நாய்க்குப் போட்டுவிட்டாராம். நாய்க்காவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். இதை நான் ஒருவன் செய்த தப்பாக எழுதினால் லேசாகத் தப்பித்துக்கொள்வேன், படிப்பவர்களும் தப்பித்துக்கொள்வார்கள். அதனால் ‘நாம்’ என்றே எழுதுகிறேன். இந்த ‘நாம்’ யாருக்காவது பொருந்தவில்லை என்றால் அவர் தாராளமாக வெளியே போய் நின்றுகொள்ளலாம்.

‘யாரும் வரல’ என்பதுதான் நம் குற்றத்தின் முழு வாக்குமூலம். குர்ஆனில் ஹஜ் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் குர்பானிக் கறியை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லும்போது இரண்டு வகை ஆட்களைக் குறிக்கிறது. அரபியில் ‘காநிஃ’, ‘முஃதர்’ என்று இரண்டு சொற்கள். பின்னது, வந்து நிற்பவர், கேட்பவர். முன்னது, இருப்பதைக் கொண்டு பொறுத்துக்கொண்டு வாய் திறந்து கேட்காதவர். இப்படித்தான் பல விரிவுரையாளர்களும் பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெருநாள் குத்பாவிலும் ஹஜ்ரத் இதை ஓதுகிறார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலுக்கு வந்தவருக்குக் கொடுத்தோம், வராதவரை மறந்தோம். வசனத்தில் முதலில் வைக்கப்பட்டவர் கேட்காதவர். அவருக்கு உரியது நம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வரை உள்ள கரிசல் ஊர்களில் நாம் எண்ணிக்கையில் கொஞ்சப்பேர்தான். அறுக்கிற வீடுகள் அதிலும் கொஞ்சம். அப்படியிருக்க, அன்றைக்குக் கறி எங்கே போகிறது? காலை பத்து மணிக்கு நம் வீட்டிலிருந்து பெரியத்தா வீட்டுக்கு ஒரு பை போகும். பதினொன்றுக்கு அங்கிருந்து ஒரு பை வரும். பன்னிரண்டுக்கு சம்பந்தி வீட்டிலிருந்து ஒன்று. எடை ஒன்றுதான், ஆடுதான் வேறு. மத்தியானம் பார்த்தால் அறுத்த வீடுகளிலெல்லாம் கொடுத்த அளவு கறி திரும்பி வந்து சேர்ந்திருக்கும். தனக்கொரு பங்கு, உறவுக்கும் நட்புக்கும் ஒரு பங்கு, ஏழைக்கு ஒரு பங்கு என்ற மூன்று பங்கு வழக்கத்தில் முதல் இரண்டையும் நாம் துல்லியமாக நிறைவேற்றுகிறோம். அந்த இரண்டும் கடைசியில் ஒரே அடுப்பில்தான் வேகின்றன.

மூன்றாம் பங்கைக் கட்டுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடை, ஈரல், நெஞ்சுக்கறி எல்லாம் தாம்பாளத்தின் இந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். சவ்வும் கழுத்தெலும்பும் கொழுப்பும் அந்தப் பக்கம். யாரும் ‘இப்படிப் பிரி’ என்று சொல்வதில்லை, கை தானாகப் பிரிக்கிறது. உங்களுக்கே யாராவது கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்ற மாதிரியான பொருளைத் தானம் செய்யாதீர்கள் என்று பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. நாமோ கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் கட்டுகிறோம்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது என்பதுதான் வியப்பு. மதீனாவில் ஓராண்டு பெருநாள் சமயத்தில் பசியோடு பாலைவனத்து மக்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். குர்பானிக் கறியை மூன்று நாளுக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அந்த ஆண்டு உத்தரவிட்டார்கள். அடுத்த ஆண்டு அந்த நெருக்கடி நீங்கியதும் தடையை எடுத்துவிட்டார்கள். உண்ணலாம், கொடுக்கலாம், சேமித்தும் வைக்கலாம். சட்டப்படி நம் பனிப்பெட்டி குற்றமற்றது. ஆனால் அந்தத் தடை எதற்காக வந்தது, எதற்காகப் போனது? ஊரில் பசித்தவன் இருக்கிறானா என்று பார்த்துத்தான் இரண்டும் நடந்தன. நாம் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பார்ப்பதை விட்டுவிட்டோம்.

பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? இந்த நாலைந்து ஆண்டுகளாகப் பெருநாள் கோடையை ஒட்டி வருகிறது. 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. நம் கரிசலில் அது எந்த மாதம் என்று ஒரு சம்சாரியிடம் கேளுங்கள். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்து, தை மாசியில் கம்போ உளுந்தோ மக்காச்சோளமோ எடுத்து, வெயிலுக்குள் அதைத் தின்று தீர்த்து, குலுக்கை காலியாகிக் கிடக்கிற மாதம். நிலம் ஆள் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். காட்டில் களையெடுப்பும் இல்லை, கதிரறுப்பும் இல்லை. கூலிவேலை மறுபடி தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கும். சந்திரக் கணக்கில் பெருநாள் ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். முப்பத்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி இந்த மாதத்தில் வந்து விழும். வந்து விழுந்த நேரத்தில் நாம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை.

கேட்காதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்ப் பெட்டிக் கணக்குக்குக் கூலி வாங்கி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெண் நம் வாசலில் பையோடு வந்து நிற்பாளா? அவள் நம் சமூகத்துப் பெண்ணாக இருந்தால் இன்னும் வரமாட்டாள். பெருநாளன்று அடுப்பில் கறி வேகவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் நம் மதமில்லை என்றால் நமக்கு அந்த ஞாபகமே வருவதில்லை. அண்டை வீட்டாருக்கான உரிமையில் மதம் பார்க்கச் சொல்லவில்லை என்று மேடையில் சொல்வோம். பை கட்டும்போது பார்ப்போம்.

என் நன்னிமா அப்படி இல்லை என்று எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பழையவர்களைத் தூக்கிவைத்து நம்மைத் திட்டிக்கொள்வது லேசான வேலை. நன்னிமாவுக்கும் பழுதுகள் உண்டு; வீட்டில் வேலைக்கு வந்தவர்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்தவள்தான் அவள். ஆனால் பெருநாளுக்கு முந்தின நாளே தெருவை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். இன்னின்ன வீட்டில் நாளைக்கு வெள்ளிக்கிழமை விரதம், கவுச்சி தொடமாட்டார்கள், அவர்களுக்குப் பச்சரிசியும் தேங்காயும் வெல்லமும். இன்ன வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், அவளுக்கு நெஞ்செலும்பு. கைலாசநாதர் கோயில் தெருவில் இன்னாருக்கு ஒன்றும் வேண்டாம், போய்ப் பேசிவிட்டு மட்டும் வா. பசுவந்தனை என்று பெயரிலேயே பசுவை வைத்திருக்கிற ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவளுக்கு, யாருக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது என்ற கணக்கு தெரிந்திருந்தது. யார் வருவார்கள் என்று அவள் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது நாங்கள் பிள்ளைகள்தான்.

ஆட்டின் பக்கம் வருகிறேன். அது இன்னும் கஷ்டமான பகுதி.

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்தின சந்தைகளில் கோடிக்கணக்கில் ஆடு விற்றது என்று பத்திரிகைகளில் செய்தி வரும். வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த வேம்பூர்ச் செம்மறி, கறுப்பு முகத்தில் கோடு இறங்கிய கன்னி ஆடு, கால் நீண்ட கொடி ஆட்டில் கரும்போரையும் செம்போரையும். எல்லாம் இந்த மண்ணில் உருவான இனங்கள். முள்ளும் வெயிலும் தின்று வளர்ந்தவை. நாம் போய் முதலில் வாயைப் பிளந்து ‘ரெண்டு பல்லு போட்டாச்சா’ என்று பார்க்கிறோம். காது கிழிந்திருக்கிறதா, கால் நொண்டுகிறதா, கண் சரியா. மார்க்கம் சொன்ன தகுதிகள். நல்ல காரியம்தான். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துத் தரகர் விலை முடித்ததும் அந்த அக்கறை முடிந்துவிடுகிறது. பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் மடியில் நாலு காலும் கட்டிய கிடா. குட்டியானையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருபது. இரவு முழுக்கத் தண்ணீர் காட்டாமல் கட்டிவைப்பது, ‘வயிறு காலியா இருந்தா சுத்தம் பண்ண லேசு’ என்று. காலையில் ஒன்றின் கண்ணுக்கு முன்னால் இன்னொன்று. பக்கத்தில் கத்தி தீட்டுகிற சத்தம். சுற்றிலும் போனைத் தூக்கிப் பிடித்த பிள்ளைகள்.

கத்தியைக் கூராக்கு, பிராணிக்குச் சிரமம் கொடுக்காதே என்பது முஸ்லிம் தொகுப்பில் உள்ள நபிமொழி. ஆட்டின் கண் பார்க்கக் கத்தி தீட்டிய ஒருவரை, இதை இரண்டு தடவை கொல்லப் பார்க்கிறாயா என்ற பொருளில் நபிகள் கண்டித்ததாகவும் அறிவிப்பு உண்டு. தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்கு, கிணற்றில் இறங்கித் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்து புகட்டியவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்ட கதையைப் பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோம். பெருநாள் ராத்திரி கட்டிப்போட்ட கிடா கத்துகிற சத்தம் அதே பிள்ளைகள் படுத்திருக்கிற அறைக்குக் கேட்கிறது.

எட்டயபுரம் சந்தைக்குப் போகிறவர்கள் அங்கே யார் அடக்கமாகி இருக்கிறார் என்பதை ஒரு நிமிடம் நினைக்கலாம். உமறுப்புலவர். எட்டயபுரம் அரண்மனைப் புலவராக இருந்தவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி கேட்டுக்கொள்ள, நபிகளின் வாழ்க்கையைத் தமிழில் சீறாப்புராணமாகப் பாடியவர். அதில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்று ஒன்று. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், பால் குடிக்காமல் கிடக்கிற தன் குட்டிக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று நபிகளிடம் முறையிடுகிறது. வேடன் சிரிக்கிறான். காட்டுக்குப் போன மான் திரும்பி வருமா? அதற்குப் பிணையாக நபிகள் அங்கேயே நிற்கிறார்கள். மான் குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான், மானும் விடுதலையாகிறது. உலகத்தில் எத்தனையோ மொழிகளில் நபிசரிதம் இருக்கிறது. ஒரு மிருகத்தின் தாய்மைக்கு ஜாமீன் நின்ற காட்சியை இவ்வளவு நேரம் நின்று பாடியவர் நம் பக்கத்து ஊர்க்காரர். கூட்டத்துக்குக் கூட்டம் ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று பெருமை பேசுகிறோம். அந்தக் கொடையில் விளைந்த காவியத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? பாரதி வீட்டுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப் போகிறோம், புலவர் அடக்கத்தைப் போகிற வழியில் கை நீட்டிக் காட்டுகிறோம். வண்டியில் ஆடு இருக்கிறது, வெயில் ஏறுகிறது, நிற்க நேரமில்லை.

அறுக்க வருகிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவரும் ஏழை. அன்றைக்கு அவர் பிள்ளைகளுக்கு அத்தா கண்ணில்படுவது மஃரிபுக்குப் பிறகுதான். அறுத்தவருக்குக் கூலியாகக் கறியிலோ தோலிலோ எதையும் தரக்கூடாது, கூலியை நம் கையிலிருந்து தர வேண்டும், தோலும் தானத்துக்கே என்று நபிகள் அலீ (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். நாம் ‘தலையும் தோலும் எடுத்துக்கிடுங்க, ரேட்டைக் கொறைச்சுக்கிடுங்க’ என்கிறோம். சில ஆண்டுகளாகத் தோல் விலை வேறு சரிந்துவிட்டது. மதரஸாக்களும் அநாதை இல்லங்களும் ஒரு காலத்தில் தோல் வசூலை நம்பிச் செலவைப் பார்த்தன. இப்போது வண்டி வாடகைக்குக் கட்டாது என்று எடுக்கத் தயங்குகிறார்கள். குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருகிறோம். தோலுக்குப் பதிலாக அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தொகையை அனுப்பலாம் என்று நம்மில் யாருக்கும் தோன்றாதது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அறுக்க முடியாதவர்களைப் பற்றியும் ஒன்று. நபிகள் இரண்டு செம்மறிக் கிடாக்களை அறுத்தார்கள். ஒன்று தமக்கும் குடும்பத்துக்கும், மற்றொன்று தம் சமுதாயத்தில் கொடுக்க இயலாதவர்கள் சார்பாக என்று அறிவிப்பில் வருகிறது. அப்படியானால் இயலாதவரின் குர்பானி ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பே நிறைவேறிவிட்டது. அவர் யார் முன்னாலும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் ‘ஒங்க வீட்ல இந்த வருசம் இல்லையா?’ என்று நாம் கேட்கிற கேள்விக்குப் பயந்து, காதில் கிடந்ததை அடகு வைத்துக் கிடா வாங்கியவர்களை நமக்குத் தெரியும். கேட்டவர்கள் நாம்தான். ஏழாண்டு வறட்சியில் மந்தை வெகுவாகக் குறைந்துபோனதால், 2025இல் இந்த ஆண்டு அறுக்க வேண்டாம் என்று மொராக்கோ மன்னர் ஆறாம் முஹம்மது தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அவருடைய தந்தையும் 1996இல் அப்படிச் செய்தவர். ஒரு நாடே பெருநாளை அறுக்காமல் கொண்டாடியது, ஏழையின் தலையில் கடன் ஏறக்கூடாது என்பதும் அதில் ஒரு காரணம். நம் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

மினாவின் கதையும் ஞாபகம் வருகிறது. ஹாஜிகள் அறுத்த எண்ணற்ற பிராணிகளின் கறி பல காலம் உண்ண ஆளில்லாமல் மண்ணுக்குள் போனது. 1983இல்தான் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியை வைத்து சவூதி அரசு ஒரு திட்டம் தொடங்கி, கறியை உறையவைத்துப் பல நாட்டு ஏழைகளுக்குக் கப்பலேற்றியது. அங்கே பனிப்பெட்டி கடல் தாண்டிப் போகிறது. நம்முடையது சமையலறையைத் தாண்டவில்லை.

கடைசியாக, இந்த முறை நான் ஆடு வாங்கிய கதை. சந்தைக்குப் போகாமல், பசுவந்தனை சாலையில் ஒரு தரிசுக் காட்டில் கிடை போட்டிருந்தவர்களிடம் வாங்கினேன். கிடை என்றால் கி. ராஜநாராயணன் குறுநாவலின் தலைப்பாகத்தான் இப்போது பலருக்குத் தெரியும். அவருடைய ஊரான இடைசெவலுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்? ராத்திரி நம் நிலத்தில் ஆட்டை அடைத்து, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறக்கி, அடுத்த வெள்ளாமைக்கு உரமாக்கித் தருகிறவர்கள் அவர்கள். ஒரு ஆச்சி கிடாவைப் பிடித்துக் கொடுத்தாள். கொடுக்குமுன் அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டாள். "கயித்த நாங்க குடுக்கிறதில்ல பாய். நீங்க ஒங்க கயித்தப் போட்டுக்கிடுங்க." பிறகு, "தனியாக் கட்டாதீங்க. கூட்டத்துலயே கெடந்தது, பயப்படும்" என்றாள். சரி என்றேன். வீட்டுக்குப் போய்த் தனியாகத்தான் கட்டினேன்.

அந்தப் பனிக்கட்டிப் பைகளைக் கண்டெடுத்த பிறகு, குற்றவுணர்ச்சியில் கடையில் புதுக் கறி இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். கிடை இடம் மாறியிருந்தது, விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஆச்சி பையைப் பார்த்துவிட்டுக் கை நீட்டவில்லை. "நாங்க ஆடு மேய்க்கிறவுக பாய். வித்த ஆட்டைத் திங்கிற பழக்கமில்ல." இது அந்த ஆடு இல்லை, கடைக்கறி என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டு பேரனிடம் கொடுத்துவிட்டாள். நான் கிளம்பவில்லை. என் வாழ்நாளில் முதல்தடவையாக அப்படி ஒரு கேள்வியைக் கேட்டேன்: "ஒங்களுக்கு என்ன வேணும் ஆச்சி?"

வெகுநேரம் யோசித்தாள். ஆடுகளைப் பார்த்தாள்.

"ஒங்க தோட்டத்துக் கெணத்துல தண்ணி கெடக்குன்னு சொன்னாக. மழை பெய்யிற வரைக்கும் சாயங்காலம் ஒரு தடவ மோட்டாரப் போட்டு விடுவீகளா? முன்னயெல்லாம் அந்தக் கல்தொட்டியிலதான் ஆட்டுக்குத் தண்ணி காட்டுவோம். இப்பப் பூட்டிக் கெடக்கு."

என் பாட்டனார் போட்ட கல்தொட்டி. வேலிக்கு வெளியே, போகிற வருகிற ஆடுமாடு குடிக்கட்டும் என்று சாலையோரமாகப் போட்டது. கம்பிவேலி வந்தபோது அதை உள்ளே தள்ளிக் கேட்டைப் பூட்டியது நாங்கள். மாலையில் போய்ப் பார்த்தேன். தொட்டிக்குள் கருகிய வாழைச் சருகும், பெருநாளன்று கறி வெட்டிய புளியங்கட்டையும், காய்ந்துபோன ஒரு கயிறும் கிடந்தன.